‘குட்’ என்று காட்டுகிறது, வாங்கலாமா?

இந்த இதழில் பழைய ஹார்ட் டிஸ்க் பற்றிய கேள்விகள் மட்டும்.

கேள்வி: ரிச்சி தெருவில் ஒரு கடையில், ஆபீஸ் லேப்டாப்பிலிருந்து கழற்றிய 1 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். டிஸ்கின் நலத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் நீல நிறத்தில் ‘குட்’ என்று வருகிறது. பிடிக்காவிட்டால் ஒரு வாரத்துக்குள் மாற்றித் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். ‘குட்’ போதுமா?
— வாசகர், தாம்பரம்

பதில்: போதாது. அந்த மென்பொருள் ‘குட்’ என்று சொல்வதற்கு அர்த்தம் ரொம்பக் குறுகலானது. டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் ‘ஸ்மார்ட்’ கணக்கில், கெட்ட செக்டர்களை (தகவல் வைக்கும் சிறு கட்டங்களை) எண்ணும் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளிலும் பூஜ்யம் இருக்கிறது, மற்ற எதுவும் கம்பெனி வைத்த எல்லையைத் தாண்டவில்லை, அவ்வளவுதான். அந்த மூன்றில் ஒன்று வந்தாலே மஞ்சள் நிறம் காட்டும். ஆனால் எத்தனைக்கு மேல் மஞ்சள் என்பதை செட்டிங்கில் மாற்றிக்கொள்ள முடியும். அதனால் கடை லேப்டாப்பில் நீலமாகத் தெரிந்தது உங்கள் லேப்டாப்பிலும் நீலமாகத் தெரியும் என்று நம்ப வேண்டாம்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. ஒரு செக்டர் கெட்டுப்போயிருப்பது, அதைப் படிக்கப் போகும்போதுதான் டிஸ்குக்கே தெரியும். ஆபீஸ் லேப்டாப்பில் 1 டிபியில் 150 ஜிபிதான் புழக்கத்தில் இருந்திருக்கும். மீதி 850 ஜிபியை வருஷக்கணக்கில் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். அங்கே என்ன இருக்கிறது என்று டிஸ்கைக் கேட்டால், ‘ஒன்றுமில்லை’ என்றுதான் சொல்லும். பொய் சொல்லவில்லை, பார்த்ததில்லை.

ஆகவே செய்ய வேண்டியது, மொத்த டிஸ்கையும் ஒருமுறை எழுதவைத்து, ஒருமுறை படிக்கவைத்து, அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் எண்களை ஒப்பிடுவது. கையில் ஒரு வாரம் இருக்கிறது, ஒன்றரை நாள் போதும்.

முதலில் எண்களைப் பதினாறடிமானத்திலிருந்து (ஹெக்ஸ்) நாம் வழக்கமாக எண்ணும் பத்தடிமானத்துக்கு மாற்றுங்கள். ஃபங்ஷன் மெனுவில் அட்வான்ஸ்டு ஃபீச்சர், அதற்குள் ரா வேல்யூஸ், அதில் 10 டெக். மாற்றாவிட்டால் 18 என்று தெரிவது உண்மையில் 24. பிறகு திரையை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். சீரியல் எண்ணும் படத்தில் விழ வேண்டும். டிஸ்க் மேல் ஒட்டியுள்ள லேபிளில் இருக்கும் சீரியலோடு அது பொருந்துகிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள்.

அடுத்து ஜிஸ்மார்ட்கண்ட்ரோல் என்ற இலவச மென்பொருளில் முதலில் ஷார்ட் டெஸ்ட், 2 நிமிஷம். அது தேறினால் எக்ஸ்டெண்டட் டெஸ்ட். 5400 சுழற்சியுள்ள லேப்டாப் டிஸ்க் 1 டிபிக்குச் சுமார் 3 மணி நேரம். இந்த டெஸ்ட் டிஸ்குக்கு உள்ளேயே நடப்பது. எதையும் அழிக்காது, முழுப் பரப்பையும் படித்துப் பார்க்கும். படிக்க முடியாத முதல் இடத்திலேயே நின்று, அந்த இடத்தின் எண்ணைப் பதிவேட்டில் எழுதும். அங்கே ‘ரீட் ஃபெயிலியர்’ என்று வந்தால் மேற்கொண்டு மெனக்கெட வேண்டாம், டிஸ்கைக் கடைக்கு எடுத்துப் போங்கள்.

தேறினால் எழுதும் சோதனை. விண்டோஸில் எளிதான வழி எச்2டெஸ்ட்டபிள்யூ. டிஸ்கை க்விக் ஃபார்மட் செய்துவிட்டு இதை ஓட்டினால், காலி இடம் முழுக்க 1 ஜிபி கோப்புகளாக எழுதி நிரப்பி, பிறகு எல்லாவற்றையும் படித்துச் சரிபார்க்கும். எழுத 3 மணி, படிக்க 3 மணி. லினக்ஸ் தெரிந்தவர்கள் பேட்பிளாக்ஸ் என்ற கட்டளையை எழுதும் முறையில் ஓட்டலாம். நான்கு வடிவங்களை எழுதி நான்கு முறை படிக்கும், ஆக எட்டுச் சுற்று. உங்கள் டிஸ்குக்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். பெரிய டிஸ்குகளில் பிளாக் அளவை 4096 என்று கொடுக்க மறக்காதீர்கள். அதுவாக எடுத்துக்கொள்ளும் 1024-ஐ விட்டால் 4 டிபிக்கு மேல் போகாமல் மறுத்துவிடும்.

முடிந்ததும் மறுபடி போட்டோ. இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 5, 187, 197, 198 (கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் 05, பிபி, சி5, சி6) நான்கும் முன்னும் பூஜ்யம் பின்னும் பூஜ்யம் என்றால் வைத்துக்கொள்ளலாம். பூஜ்யமாக இருந்த எதுவும் சோதனைக்குப் பிறகு ஏறியிருந்தால், ஒன்றே ஒன்று என்றாலும், திருப்பிக் கொடுங்கள். ‘பழைய டிஸ்க்னா ரெண்டு மூணு இருக்கத்தான் சார் செய்யும்’ என்பார்கள். இருப்பது வேறு, ஒரே ராத்திரியில் ஏறுவது வேறு.

இவ்வளவும் தேறினாலும் உத்தரவாதம் கிடையாது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளைக் கவனித்து கூகுள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பழுதான டிஸ்குகளில் 56 சதவீதத்துக்கு மேல் முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் எதையுமே காட்டாமல் போயிருக்கின்றன. அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது: பரப்பைப் படிக்கும்போது முதல் பிழை வந்த டிஸ்க், அடுத்த 60 நாட்களில் சாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு. ஆக, எண் ஏறினால் நம்பிச் சந்தேகப்படலாம். ஏறாவிட்டால் நம்பி ஒரே பிரதியை அதில் வைக்க முடியாது.

கேள்வி: வாங்கும்போது சி5 வரியில் 18 என்று இருந்தது. சொன்னதும் கடைக்காரர் ஃபுல் ஃபார்மட் போட்டுக் கொடுத்தார். இப்போது 0. பழுது சரியாகிவிட்டதா?
— வாசகர், திண்டுக்கல்

பதில்: 05 வரியில் என்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லையே! விடை அங்கேதான் இருக்கிறது.

சி5, அதாவது 197, என்பது ‘முடிவு தெரியாமல் நிற்கும்’ செக்டர்களின் கணக்கு. டிஸ்க் ஓர் இடத்தைப் படிக்கப் போய், பிழைதிருத்தக் குறியீட்டை வைத்தும் தகவலை மீட்க முடியவில்லை என்றால், அதைச் சந்தேகப் பட்டியலில் போடும். உடனே ஒதுக்கிவிடாது, ஒருவேளை அடுத்த முறை படிக்க முடிந்தால் உங்கள் தகவல் பிழைக்குமே என்று காத்திருக்கும். அந்த இடத்தில் புதிதாக எதையாவது எழுதும்போதுதான் தீர்ப்பு. எழுதியது சரியாக நின்றால் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடும். நிற்கவில்லை என்றால், உபரியாக வைத்திருக்கும் செக்டர் ஒன்றை அதற்குப் பதிலாக அமர்த்தி, 05 வரியில் கணக்கை ஏற்றும். விஸ்டாவிலிருந்து விண்டோஸின் ஃபுல் ஃபார்மட் முழுக்கப் பூஜ்யம் எழுதுவதால், அது தானாகவே இந்தத் தீர்ப்பை வரவழைத்துவிடும்.

உங்கள் 18 பதினாறடிமானம் என்றால் 24. இன்றைய டிஸ்குகளில் உள்ளே ஒரு செக்டர் 4096 பைட், வெளியே கணக்குக் காட்டுவது 512 பைட்டாக. அதனால் இந்த எண் பெரும்பாலும் எட்டின் மடங்காகத்தான் வரும். 24 என்றால் உண்மையில் மூன்று இடம். அந்த மூன்றும் ஃபார்மட்டுக்குப் பிறகு 05-இல் ஏறாமல் மறைந்திருந்தால், எழுதும் நடுவில் கரண்ட் போய் அரைகுறையாக நின்ற செக்டர்களாக இருக்கலாம். பரப்பில் கோளாறு இல்லை. நம் ஊர் மின்வெட்டில் இது சகஜம். 05-இல் ஏறியிருந்தால் பரப்பே அடிவாங்கியிருக்கிறது. இரண்டிலும் ஒன்றுதான் செய்ய வேண்டும்: மேலே சொன்ன எழுதும் சோதனையை இரண்டு முறை ஓட்டுங்கள். 197 மறுபடி தலைகாட்டினால் ஃபார்மட் வெறும் பூசிமெழுகல்.

கேள்வி: சீகேட் டிஸ்கில் 01, 07 வரிகளில் கோடிக்கணக்கில் பிழை காட்டுகிறது. 188-இல் 4295032833! இவ்வளவு பிழையோடு எப்படி ஓடுகிறது?
— வாசகர், ஈரோடு

பதில்: பிழையோடு ஓடவில்லை, நன்றாகத்தான் ஓடுகிறது. சீகேட் இந்த வரிகளில் இரண்டு மூன்று எண்களை ஒன்றாக ஒட்டி எழுதும். பத்தடிமானத்தில் படித்தால் குழம்பும். முதல் பதிலில் மாற்றச் சொன்னதை இந்த வரிகளுக்காக மட்டும் திரும்பப் பதினாறடிமானத்துக்குக் கொண்டு வாருங்கள்.

07-இல் 155408161 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பதினாறடிமானத்தில் அது 000009435721. முதல் நான்கு இலக்கம்தான் பிழை: 0000. மீதி எட்டு இலக்கம், ஹெட் (படிக்கும் முனை) எத்தனை முறை இடம் தேடிப் போனது என்ற கணக்கு. பதினைந்தரைக் கோடி முறை போய், ஒருமுறைகூடத் தவறவில்லை. 01 வரியும் இதே மாதிரிதான்.

உங்கள் 4295032833-ஐ மாற்றினால் 000100010001. நான்கு நான்காகப் பிரித்தால் 1, 1, 1. ஏதோ ஒரு சமயம் ஒரு கட்டளைக்குப் பதில் வரத் தாமதமாகியிருக்கிறது. கேபிளோ பவர் சப்ளையோகூடக் காரணமாக இருக்கலாம். 187 வரி பூஜ்யமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது டிஸ்க் கைவிரித்து, ‘படிக்க முடியவில்லை’ என்று கம்ப்யூட்டரிடமே சொல்லிவிட்ட சம்பவங்களின் எண்ணிக்கை. அங்கே ஒன்று இருந்தாலும் எனக்கு உறுத்தும்.

கேள்வி: டிவிஆரில் (கண்காணிப்புக் கேமராவின் பதிவுப் பெட்டியில்) இருந்த 4 டிபி டிஸ்க் மலிவாகக் கிடைக்கிறது. 31,000 மணி நேரம் ஓடியிருக்கிறது. 199 வரியில் 1,432. வாங்கலாமா? பிசியில் வேலை செய்யுமா?
— வாசகர், கோவில்பட்டி

பதில்: பிசியில் தாராளமாக வேலை செய்யும். பர்ப்பிள், ஸ்கைஹாக் என்று டிவிஆருக்காக விற்பவை எல்லாம், பிசியில் வழக்கமாக மாட்டும் சாட்டா இணைப்புள்ள சாதாரண டிஸ்குகள்தான். கேமரா பதிவுக்கு ஏற்றபடி, டிஸ்குக்குள் இருக்கும் மென்பொருளை (ஃபர்ம்வேர்) சரிசெய்திருப்பார்கள்.

வருஷத்துக்கு 8,760 மணி நேரம். ஆக 31,000 என்பது மூன்றரை வருஷம் இடைவிடாத ஓட்டம். மணிக்கணக்கை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆன்-ஆஃப் செய்த கணக்கு 12-ஆவது வரியில் இருக்கும். 40, 50 என்று இருந்தால் ஒரே சீராக ஓடிய டிஸ்க். அதுவே 3,000 என்றால் தினமும் இரண்டு மூன்று முறை கரண்ட் போய் வந்த இடம். நான் முன்னதை எடுப்பேன். 194 வரியில் வெப்பம் இருக்கும். அதிகபட்சமாக எவ்வளவு தொட்டது என்று பதிவிருந்தால் அதையும் பாருங்கள். காற்றோட்டமில்லாத மரப்பெட்டிக்குள் பூட்டி வைத்த டிவிஆர்களில் 60 டிகிரியைத் தாண்டிப் போயிருக்கும்.

199 டிஸ்கின் நோய் அல்ல. டிஸ்குக்கும் போர்டுக்கும் நடுவே போகும்போது கெட்டுப்போன தகவலின் கணக்கு. டிவிஆருக்குள் மடித்துத் திணித்த சாட்டா கேபிள்தான் முதல் சந்தேகம். இந்த எண் ஒருபோதும் குறையாது. புதுக் கேபிள் போட்டு 100 ஜிபி எழுதிப் பாருங்கள். 1,432 அப்படியே நின்றால் கேபிளோடு போயிற்று. 1,433 ஆனால் டிஸ்கின் கனெக்டரிலேயே கோளாறு இருக்கலாம், விட்டுவிடுங்கள்.

4 டிபி முழுக்க ஒரு சுற்றுப் படிக்க எட்டரை மணி நேரம் பிடிக்கும். வேகம் ஆரம்பத்தில் விநாடிக்கு 170 எம்பி இருந்து கடைசியில் 80-க்கு வருவது இயல்பு. தட்டின் வெளிவிளிம்பில் ஒரு சுற்றில் அதிகத் தகவல் கொள்ளும், உள்ளே போகப்போகக் குறையும். மலைச்சரிவு போல மெதுவாக இறங்கினால் சரி. நடுநடுவே பள்ளம் விழுந்தால், அந்த இடத்தில் திரும்பத் திரும்பப் படித்துத் திணறுகிறது என்று அர்த்தம். விக்டோரியா என்ற மென்பொருளில் இது வண்ணக் கட்டங்களாகத் தெரியும். 200 மில்லி விநாடிக்கு மேல் எடுத்த கட்டங்கள் அங்கொன்று இங்கொன்று என்றால், பின்னணியில் வேறு எதுவும் ஓடாமல் மறுபடி ஓட்டுங்கள். அதே இடத்தில் அதே கட்டம் திரும்ப வந்தால் பரப்பு பலவீனம்.

கேள்வி: ‘புத்தம்புதுசு மாதிரி, 11 மணி நேரம்தான் ஓடியது’ என்று ஒரு சர்வர் டிஸ்கைக் காட்டுகிறார்கள். லேபிளில் 2019 என்று இருக்கிறது. கணக்கு உதைக்கிறதே?
— வாசகர், ஓசூர்

பதில்: உதைக்கத்தான் செய்யும். கார் மீட்டரைத் திருப்புவது போல ஸ்மார்ட் கணக்கையும் பூஜ்யமாக்கும் கருவிகள் இருக்கின்றன. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் சீகேட் எக்ஸோஸ் டிஸ்குகள் புதியவை என்று விற்கப்பட்டு, பல்லாயிரம் மணி நேரம் ஓடியவை என்று வெளியானது. சியா என்ற கிரிப்டோ நாணயத்துக்காகச் சீனாவில் ஓட்டித் தீர்த்த டிஸ்குகள் என்று கைகாட்டப்பட்டது. மாட்டிக்கொடுத்தது ‘ஃபார்ம்’ என்று சீகேட் தனியாக வைத்திருக்கும் பதிவேடு. ஸ்மார்ட்டைத் துடைத்தவர்கள் இதைத் துடைக்கவில்லை. ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவச மென்பொருளில் 7.4-இலிருந்து, ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் ஃபார்ம் பதிவேட்டைக் கேட்டால் காட்டும். அங்கே உள்ள மணி நேரமும் 9-ஆவது வரியில் உள்ள மணி நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஃபார்மையும் திருத்தியவர்கள் பிறகு வந்துவிட்டார்கள் என்பதால், பொருந்தவில்லை என்றால் திருட்டு நிச்சயம். பொருந்தினால் மற்றதையும் பாருங்கள்.

மற்றது என்றால் கண்ணால் பார்ப்பது. பக்கவாட்டு ஸ்க்ரூ துளைகளில் மரை உரசிய பளபளப்பு. சாட்டா கனெக்டரின் தங்கத் தகடுகளில் நீளவாட்டில் கோடு. இரண்டும் இருந்தால் 11 மணி நேரக் கதையை நம்ப வேண்டாம். பழைய செல்ஃப் டெஸ்ட் பதிவேட்டையும் திறந்து பாருங்கள். ஒவ்வொரு டெஸ்டும் எத்தனையாவது மணி நேரத்தில் நடந்தது என்று அதில் இருக்கும். மீட்டர் 11 என்று சொல்ல, டெஸ்ட் 23,400-ஆவது மணியில் நடந்ததாக இருந்தால், விற்பவரிடம் அந்த வரியைக் காட்டினால் போதும். ‘ரீசர்ட்டிஃபைடு’ என்று லேபிள் ஒட்டி, கம்பெனியே மீட்டரைப் பூஜ்யமாக்கி விற்பதும் உண்டு. அது ஏமாற்று இல்லை. ஆனால் புதுசு விலையும் இல்லை.

கேள்வி: கடையில் பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்க விடமாட்டார்கள். அதற்குள் என்ன பார்ப்பது?
— வாசகர், வேலூர்

பதில்: லேப்டாப், யுஎஸ்பி–சாட்டா அடாப்டர் இரண்டையும் எடுத்துப் போங்கள். மூன்றரை அங்குல டிஸ்குக்கு 12 வோல்ட், 2 ஆம்பியர் பவர் சப்ளையோடு வரும் அடாப்டர்தான் வேண்டும். யுஎஸ்பியின் 5 வோல்டில் அது சுழலவே சுழலாது.

முதலில் காது. டிஸ்கை மேஜைமேல் சமமாக வைத்து ஆன் செய்யுங்கள். உறுமல் மெல்ல ஏறி, பத்து விநாடிக்குள் ஒரே சுருதியில் நிற்க வேண்டும். கூடவே ஹெட் எழும் மெல்லிய கிறீச். ‘டிக்… டிக்… டிக்’ என்று ஒரே தாளத்தில் தட்டிவிட்டு மோட்டார் அணைந்தால், ஹெட்டுக்குத் தடமே தெரியவில்லை என்று பொருள். அத்தோடு கைகழுவுங்கள். லேப்டாப் டிஸ்க் சுழலாமல் சன்னமாக ‘பீப்’ என்று முனகினால், ஒன்று ஹெட் தட்டில் ஒட்டியிருக்கிறது, அல்லது யுஎஸ்பி பவர் பற்றவில்லை. வேறு போர்ட்டில் ஒருமுறை மட்டும் முயலலாம். சுழன்றுகொண்டிருக்கும் டிஸ்கைக் கையில் தூக்கிக் காதருகே வைக்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம். ஹெட்டுக்கும் தட்டுக்கும் இடைவெளி சில நானோமீட்டர்தான்.

பிறகு ஸ்மார்ட் போட்டோ, ஷார்ட் டெஸ்ட். மீதி நேரத்தில் விக்டோரியாவில் தொடக்கம், நடு, கடைசி என மூன்று இடத்தில் ஒவ்வொரு நிமிஷம் ஓட்டுங்கள். பில்லில் சீரியல் எண்ணையும், எத்தனை நாளைக்குள் மாற்றலாம் என்பதையும் எழுதி வாங்குங்கள். சீரியல் இல்லாத பில்லைத் திருப்பிக் கொண்டுபோனால், ‘இது நம்ம கடை பீஸ் இல்லையே’ என்பார்கள்.

கேள்வி: எக்ஸ்டெண்டட் டெஸ்ட் 90 சதவீதத்திலேயே அரை மணி நேரமாக நிற்கிறது. டிஸ்க் போச்சா?
— வாசகர், காரைக்கால்

பதில்: அது பெரும்பாலும் ‘மீதி 90 சதவீதம்’. பத்துப் பத்தாகத்தான் குறையும். 4 டிபி டிஸ்கில் ஒரு படி இறங்கவே 50 நிமிஷம் ஆகும். நடுவில் விண்டோஸ் தூங்கினாலோ, யுஎஸ்பி அடாப்டர் டிஸ்கை ஓய்வுக்கு அனுப்பினாலோ டெஸ்ட் பாதியில் அறுந்து ‘அபார்ட்டட்’ என்று பதிவாகும். அது ‘ஃபெயில்’ அல்ல. ஸ்லீப்பை அணைத்துவிட்டு, முடிந்தால் நேராக சாட்டாவில் மாட்டி ஓட்டுங்கள்.

கேள்வி: பழைய ‘மை பாஸ்போர்ட்’ யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க் ஒன்றின் கேஸைப் பிரித்து, டிஸ்கை லேப்டாப்பில் மாட்டலாம் என்றிருக்கிறேன்.
— வாசகர், நாகர்கோவில்

பதில்: பிரித்தால் ஏமாற வாய்ப்பு அதிகம். அவற்றில் பலவற்றில் யுஎஸ்பி போர்ட் டிஸ்கின் சர்க்யூட் போர்டிலேயே பற்றவைத்திருக்கும். சாட்டா கனெக்டரே இருக்காது. யுஎஸ்பியாகவே சோதியுங்கள். ஸ்மார்ட் தெரியாவிட்டால், டிஸ்க் கெட்டது என்று முடிவு கட்டாதீர்கள். நடுவில் இருக்கும் சிப் கேள்வியைக் கடத்தாமல் இருக்கலாம். எச்2டெஸ்ட்டபிள்யூ எப்படியும் ஓடும். ஒன்று மட்டும்: சிங்கிள்டு முறையில், அதாவது தடங்கள் ஓட்டுக்கூரை போல ஒன்றன்மேல் ஒன்று படிந்த டிஸ்குகளில், ஏற்கெனவே நிரம்பிய இடத்தில் மறுபடி எழுதும்போது வேகம் விநாடிக்கு 10, 20 எம்பிக்குச் சரியும். அது பழுதில்லை, குணம். படிக்கும்போதும் சரிந்தால்தான் கவலை.

கேள்வி: பேட் செக்டரை ‘ரிப்பேர்’ செய்யும் சாஃப்ட்வேர் ஓட்டினால் பழையபடி ஆகுமா? எஸ்எஸ்டிக்கும் (சுழலும் தட்டு இல்லாத, சிப்பில் பதியும் டிஸ்க்) இதே சோதனைதானா?
— வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: அந்த மென்பொருள்கள் செய்வது, அந்த இடத்தில் திரும்ப எழுதி டிஸ்கையே தீர்ப்புச் சொல்ல வைப்பதுதான். இரண்டாவது பதிலில் சொன்ன அதே கதை. ஃபுல் ஃபார்மட் இலவசமாகச் செய்வதற்குத் தனியாகக் காசு வேண்டாம்.

எஸ்எஸ்டிக்கு இது பொருந்தாது. நான்கு சுற்று எழுதிச் சோதித்தால் அதன் ஆயுளைத்தான் செலவழிக்கிறீர்கள். ‘பர்சன்டேஜ் யூஸ்டு’ (ஆயுளில் செலவான சதவீதம்) எவ்வளவு, மொத்தம் எத்தனை டிபி எழுதியிருக்கிறது, ‘மீடியா எரர்’ பூஜ்யமா என்று பார்த்து, எச்2டெஸ்ட்டபிள்யூ ஒரே ஒருமுறை ஓட்டுங்கள். 16 டிபி எஸ்எஸ்டி ஆயிரம் ரூபாய்க்கு என்று வந்தால் அந்த ஒருமுறை கட்டாயம். பெரும்பாலும் முதல் 64 ஜிபிக்குப் பிறகு எழுதியது எதுவும் திரும்பி வராது.